செவியடைப்பும் ஒவ்வாமை மருத்துவமும்

திருவள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அக்கேள்விக்கு வாயிலாகிய செவி சிறிதே அடைபடினும், வகுப்பிற் பின்னிருக்கும் சிறுவன் மந்தபுத்தியுடையான் என்று இகழப்படுகின்றான். அவன் குறை அறிவிலன்று, செவியிலுள்ளது என்பதை உணர்வார் சிலரே. இத்தகைய செவியடைப்புக்களுள் ஒவ்வாமையால் வருவதனையும், அதற்குரிய மருத்துவம் ஒன்றனையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

செவிப்பறைக்கு உட்புறத்தே காற்று நிறைந்த சிற்றறை ஒன்று உளது. அதனை நடுச்செவி என்பர். அங்கிருந்து மூக்கின் பின்புறத்திற்கு ஒரு குழல் செல்கின்றது. 16ஆம் நூற்றாண்டில் அதனை விரித்துரைத்த இத்தாலிய மருத்துவர் யூஸ்டாக்கியின் பெயரால் அது யூஸ்டேசியன் குழல் எனப்படும். மூக்கினுள் வீக்கம் உண்டாயின் இக்குழலும் அடைபடலாம், அறையிற் காற்றுக் குறைந்து நீர் கோக்கும், ஒலி மங்கும்.

இவ்வீக்கத்திற்குக் காரணம் யாது? 1937இல் நம் கல்லூரி குடிபுகுந்த இத்தாம்பரத்திலும், சேலையூர், வண்டலூர் முதலிய அயலூர்களிலும் தூசிக்கும் மகரந்தத்திற்கும் குறைவில்லை. சீமைக் கருவேலத்தின் மகரந்தமும், தலையணையில் வாழும் நுண்ணிய தூசிப்பூச்சியும் பலர்க்கு யாதொரு தீங்கும் செய்யா. சிலருடைய உடம்போ அவற்றைப் பகையெனக் கருதிப் போர் தொடுக்கும். இவ்வியல்பிற்கு 1906இல் வியன்னா மருத்துவர் பிர்க்கே என்பார் 'அலர்ஜி' என்று பெயரிட்டார். நாம் ஒவ்வாமை என்கின்றோம்.

1911இல் இலண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் லெனார்டு நூன் என்பார் ஒரு புதுவழி கண்டார். புல்லின் மகரந்தச் சாற்றையே மிகச் சிறு அளவில் ஊசிவழிச் செலுத்தி, அளவைப் படிப்படியாக உயர்த்தினார். புதியவரைக் கண்டு குரைக்கும் நாய், நாள்தோறும் அவரைக் காணக் காண அடங்குமன்றோ? அதுபோல் உடம்பும் பகை மறந்து பொறுக்கக் கற்கின்றது. ஏனை மருந்துகள் உண்ணுங்காறுமே துயர் தணிப்பன. இதன் பயனோ நிறுத்திய பின்னும் சில ஆண்டுகள் நிற்பதுண்டு. ஆயினும் மூன்று ஆண்டுகளேனும் இதனைத் தொடர்தல் வேண்டும். ஊசியிட்டபின் அரைமணி நேரம் மருத்துவர் கண்காணிப்பில் இருத்தலும் இன்றியமையாதது. அரிதாக உயிர்க்கு இடர் செய்யும் விளைவும் நேரக்கூடும்.

மூக்கின் ஒவ்வாமைக்கு இம்முறை நலம் தருதல் நன்கு நிறுவப்பட்டுளது. நடுச்செவி நீர்க்கோப்பிற்கோ சான்றுகள் இன்னும் போதியனவல்ல. செவிநீர் அனைத்தும் ஒவ்வாமையால் வருவதுமன்று. சிறார்க்குப் பெரும்பாலும் மூன்று திங்களில் அது தானே வடிந்துவிடும். ஆதலின் காரணம் தெளிந்த பின்னரே மருந்து நாடல் முறையாம்.

நம்முட் பலர் நாளை ஆசிரியராவோம். அழைத்தும் திரும்பாத சிறுவனைக் கடியுமுன் அவன் செவியைச் சோதிக்கச் செய்வோமாக.