ஆறிய புண் ஏன் திறந்தது? இணைப்புத் திசு செல்களின் ஓயாத வேலை

1690இல் அயர்லாந்தின் பாயின் ஆற்றங்கரையில் நடந்த போரில் ஒரு வீரர் காயம்பட்டார். காயம் ஆறித் தழும்பானது. 1740இல் ஜார்ஜ் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றக் கிளம்பிய பிரிட்டிஷ் கப்பல்களில் அவரும் இருந்தார். வழியில் ஸ்கர்வி நோய் பிடித்தது. அரை நூற்றாண்டுக்கு முன்பு மூடிய அந்தப் புண் மறுபடியும் வாய் பிளந்தது. அந்தப் பயணத்தைப் பற்றி வெளியான நூலில் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது.

ஆறிப்போன புண் எப்படித் திறக்கும்? தழும்பிலுள்ள நார்கள் சிறிது சிறிதாகச் சிதைந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் இடத்தில் புது நார்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. உருவாவது நின்றால், சிதைவு மட்டும் தொடரும். அந்த வீரரின் உடலில் நடந்தது அதுதான். புது நார்களை உருவாக்கித் தருபவை இணைப்புத் திசுவின் செல்கள். கண்ணுக்குத் தெரியாமல் அவை செய்யும் பராமரிப்பு நிற்கும்போதுதான் அதன் அருமை புரிகிறது.

குறைந்த செல்கள், நிறைந்த நார்கள்

உடலின் திசுக்களை எபிதீலியத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு, இணைப்புத் திசு என நான்காகப் பிரிக்கிறார்கள். முதல் மூன்றிலும் செல்கள்தான் பெரும்பகுதி. இணைப்புத் திசுவிலோ செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். அவை சுரந்து வெளியே வைத்த பொருள்தான் இடத்தை நிரப்பியிருக்கும். இழுவையைத் தாங்கும் கொலாஜன் நார், நீண்டு மீளும் எலாஸ்டின் நார், இவற்றுக்கு நடுவே நீரைப் பிடித்துவைக்கும் கூழ் ஆகியவை அதில் அடக்கம்.

இந்தக் கலவை மாறினால் திசுவின் தன்மையும் மாறும். கொலாஜன் நார்கள் ஒரே திசையில் நெருங்கி அடுக்கியிருந்தால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். கூழ் நீரை நிறையப் பிடித்து விறைத்திருந்தால் குருத்தெலும்பு. நாரின்மேல் கால்சியம் பாஸ்பேட் படிந்தால் எலும்பு. வெளிப்பொருள் திரவமாகவே ஓடினால் இரத்தம்.

நார் நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட்

தோலின் உள்ளடுக்கில் அதிகம் தென்படுவது ஃபைப்ரோபிளாஸ்ட். இரு முனையும் கூம்பி, கொலாஜன் நார்களுக்கு இடையே ஒட்டிக்கிடக்கும். வேலையில்லாதபோது மெலிந்திருக்கும்; காயம்பட்ட இடத்திலோ உப்பி, உட்கரு பெரிதாகி, புரதம் உருவாக்கும் நுண்ணுறுப்புகள் உள்ளே நிறைந்து காணப்படும்.

இது தயாரிக்கும் கொலாஜன்தான் நம் உடலில் மிக அதிகமாக உள்ள புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முப்புரியாக முறுக்கிய அமைப்பு அதற்கு. இந்த அமைப்பைக் கண்டறிந்து 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வுக்கு வேண்டிய கொலாஜன், அருகிலேயே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தில் கிடைத்தது. பதனிட்ட தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தானே! பள்ளிப் பாடத்தில் இணைப்புத் திசுவைப் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு, இந்தச் சென்னைக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த மூன்று இழைகள் உறுதியாக முறுக்கி நிற்க, செல்லுக்குள்ளேயே சிறு வேதி மாற்றம் ஒன்று நடந்தாக வேண்டும். அதற்கு வைட்டமின் சி தேவை. அது இல்லாவிட்டால் உடலின் வெப்பத்திலேயே முறுக்கு அவிழ்ந்துவிடும். ஸ்கர்வியில் ஈறு கசிவதும் பழைய தழும்பு பிளப்பதும் இதனால்தான். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு சிகிச்சை கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே வேகமாகத் தேறினர். காரணத்தைச் செல் மட்டத்தில் விளக்க அதற்குப் பிறகு இரு நூற்றாண்டுகள் பிடித்தன.

காவலும் துப்புரவும்

கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கிச் செரிப்பது மேக்ரோஃபேஜ். 1882இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் எலீ மெச்னிக்காஃப், ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சின் உடலில் முள்ளைச் செருகிவிட்டு மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தார். நகரும் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. விழுங்கும் செல்களைப் பற்றிய ஆய்வு அங்கே தொடங்கியது. 1908இல் நோபல் பரிசும் வந்தது. பச்சை குத்திய மை அழியாமல் இருப்பதும் இந்தச் செல்களால்தான். மையை விழுங்கிய மேக்ரோஃபேஜ் இறந்தால் மை வெளியே வரும். அடுத்து வரும் மேக்ரோஃபேஜ் அதே இடத்தில் அதை மீண்டும் விழுங்கிக்கொள்ளும்.

அதே நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பால் எர்லிக், மாணவராக இருந்தபோது 1878இல் அடையாளம் கண்டவை மாஸ்ட் செல்கள். இரத்தக் குழாய்களை ஒட்டி இருக்கும் இவற்றின் உடல் முழுக்கக் குருணைகள். சில சாயங்களை ஏற்றினால் நீலத்துக்குப் பதில் ஊதா நிறத்தில் தெரியும். அந்தக் குருணைகளில் ஹிஸ்டமின் இருக்கிறது. கொசு கடித்த இடம் தடித்து அரிப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஒவ்வாமை முற்றி உடல் முழுவதும் இது ஒரே நேரத்தில் கொட்டினால், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இவற்றோடு எதிர்ப்பொருள் சுரக்கும் பிளாஸ்மா செல்களும் கொழுப்புச் செல்களும் உண்டு. நுண்ணோக்கியில் பார்க்கத் திசுவைத் தயாரிக்கும்போது கொழுப்பு கரைந்துவிடுவதால், கொழுப்புச் செல் உள்ளே வெறுமையாக, உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, கல் பதித்த மோதிரம்போலத் தெரியும். வெறும் சேமிப்புக் கிடங்கென்று இதை நெடுநாள் எண்ணியிருந்தார்கள். பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோனை இது சுரக்கிறது என்பது 1994இல் வெளிவந்த ஆய்வால் தெளிவானது.

நிறுத்தத் தெரிய வேண்டும்

விரலில் கத்தி பட்டால் இவை எல்லாம் கூடி வேலை செய்கின்றன. மாஸ்ட் செல்கள் இரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றன. இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் குவிந்து இடத்தைச் சுத்தம் செய்வதோடு, ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளையும் சமிக்ஞை தந்து வரவழைக்கின்றன. வந்தவற்றில் சில, தசையைப்போலச் சுருங்கும் திறன் பெற்றுப் புண்ணின் விளிம்புகளை இழுத்து நெருக்குகின்றன. 1971இல் விவரிக்கப்பட்ட இந்தச் செல்களுக்கு மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். அவசரத்துக்குப் போட்ட மெல்லிய கொலாஜன், பிறகு மாதக்கணக்கில் உறுதியானதாக மாற்றப்படுகிறது. அப்படியும் தழும்புக்குப் பழைய தோலின் வலிமை முழுதாகத் திரும்புவதில்லை. ஏறத்தாழ 80 சதவீதம்தான்.

வேலை முடிந்ததும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் தாமாக மடிய வேண்டும். மடியாவிட்டால் சிக்கல்தான். காது குத்திய இடத்தில் கீலாய்டு கட்டியாக வளர்வதும், கல்லீரல் இறுகிச் சிரோசிஸ் ஆவதும், நுரையீரல் நார் பாய்ந்து மூச்சுத் திணறுவதும் நிற்காத இந்தப் பழுதுபார்ப்பின் விளைவுகளே. நீரிழிவில் வேறு சிக்கல்: மேக்ரோஃபேஜ்கள் அழற்சிக் கட்டத்தைத் தாண்டாமல் நிற்பதால், அடுத்த வேலை தொடங்காமல் கால் புண் ஆறாமல் கிடக்கிறது.

கொலாஜன் மாவு விற்கும் விளம்பரங்களை இந்த அறிவோடு பார்க்க வேண்டும். சாப்பிடும் கொலாஜனைக் குடல் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைத்துத்தான் உள்ளே அனுப்புகிறது. அது அப்படியே தோலில் போய் உட்காராது. நம் கொலாஜனை நம் ஃபைப்ரோபிளாஸ்ட்தான் உருவாக்கியாக வேண்டும். அதற்குத் தேவையான புரதத்தைப் பருப்பும் முட்டையும் மீனும், வைட்டமின் சி-யை நெல்லிக்காயும் கொய்யாவும் தந்துவிடும். புகைபிடித்தால் புண் ஆறுவது தாமதப்படும். நீரிழிவு உள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பார்த்து, சிறு புண்ணுக்கும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

காரணம் தெரியாமல் நுரையீரல் நார் பாயும் நோய்க்கு 2014இல் அமெரிக்கா ஒப்புதல் தந்த பிர்ஃபெனிடோன், நின்டடானிப் என்ற இரு மருந்துகளும் நோயின் வேகத்தைக் குறைக்கின்றன. ஏற்கெனவே இறுகிய பகுதியை அவை பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. ஃபைப்ரோபிளாஸ்ட்டைக் காயத்தின்போது தூண்டி, வேலை முடிந்ததும் நிறுத்தும் வழி கைவந்தால், தழும்பு முதல் சிரோசிஸ் வரை பல நோய்களுக்குச் சிகிச்சையே மாறிவிடும். ஆய்வுக்குப் பணமும் ஆளும் தாராளமாகக் கிடைக்க வேண்டிய துறை இது.