ஐ.பி. முகவரியைத் தருவது ஸ்விட்ச்சா, ரூட்டரா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களில் ஒரு கட்டத்திற்கு வந்துவிடுகின்றனர். ஒரு கம்ப்யூட்டர் இரண்டாகிறது. பிரிண்டர், டிவி எனப் பட்டியல் நீள்கிறது. ரூட்டரின் பின்னால் உள்ள போர்ட்கள் போதவில்லை. உடனே ஒரு ஸ்விட்ச் வாங்கி வருகின்றனர். அல்லது பரணில் கிடக்கும் பழைய ரூட்டரை எடுத்து மாட்டுகின்றனர். அதன் பின்னர் என்னிடம் கேட்கப்படும் கேள்வி, "ஸ்விட்ச்சில் தானாக ஐ.பி. முகவரி கிடைக்க என்ன செட் செய்ய வேண்டும்?" என்பதுதான்.

வீட்டிற்கென விற்கப்படும் சாதாரண ஸ்விட்ச்சில் எதையும் செட் செய்ய வேண்டாம். முகவரி தருவது அதன் வேலையே அல்ல. பழைய ரூட்டரை மாட்டினால் மட்டும் கட்டாயம் ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும். இந்த வேறுபாட்டை இங்கு விளக்கமாகப் பார்க்கலாம்.

முகவரி எப்படிக் கிடைக்கிறது?

நெட்வொர்க்கில் இணையும் ஒவ்வொரு சாதனத்திற்கும் 192.168.1.25 என்பது போல ஓர் எண் தேவை. இதுவே ஐ.பி. முகவரி. ஒரே நெட்வொர்க்கில் இரு சாதனங்களுக்கு ஒரே எண் இருக்கக் கூடாது. இந்த எண்களைத் தானாக வழங்கும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். இது 1993ல் வரையறுக்கப்பட்டு, 1997ல் திருத்தி வெளியிடப்பட்டது. அந்த 1997 வரையறையே இன்றும் இதற்கு அடிப்படையாக இருக்கிறது.

இதனை ஒரு லாட்ஜுடன் ஒப்பிடலாம். உள்ளே வருபவர் வரவேற்பில் அறை கேட்கிறார். அவர்கள் காலியாக உள்ள ஓர் எண்ணைச் சொல்கின்றனர். "சரி, அதையே கொடுங்கள்" என்கிறார் வந்தவர். பதிவேட்டில் எழுதிக்கொண்டு சாவியைக் கொடுக்கின்றனர். கம்ப்யூட்டரும் ரூட்டரும் இதே நான்கு படிகளில்தான் பேசிக் கொள்கின்றன. அறைக்குக் கால அளவு இருப்பது போல முகவரிக்கும் உண்டு. சில ரூட்டர்களில் இது 2 மணி நேரம். சிலவற்றில் ஒரு நாள். பாதி நேரம் கடந்தவுடன் கம்ப்யூட்டர் தானாகவே கேட்டு நீட்டித்துக் கொள்ளும்.

சாவியுடன் இன்னொரு தகவலும் வருகிறது. இன்டர்நெட்டுக்குப் போகும் வாசல் எது என்பதே அது. இதனை டீபால்ட் கேட்வே என்பார்கள். வீடுகளில் இது பெரும்பாலும் ரூட்டரின் முகவரியாக இருக்கும்.

ஸ்விட்ச் என்ன செய்கிறது?

ஸ்விட்ச் லாட்ஜின் நடைபாதையைப் போன்றது. "யாராவது எனக்கு முகவரி தாருங்கள்" என்று கம்ப்யூட்டர் அனுப்பும் அழைப்பை, அது தன் மற்ற எல்லா போர்ட்களுக்கும் அனுப்புகிறது. ரூட்டர் பதில் தருகிறது. எனவே ரூட்டரின் லேன் போர்ட் ஒன்றிலிருந்து ஸ்விட்ச்சுக்கு ஒரு கேபிள் இணைத்தாலே போதும். பெரிய அலுவலகங்களில் பயன்படும் சில ஸ்விட்ச்களில் முகவரி வழங்கும் வசதி உண்டு. வீட்டிற்கு அது தேவையில்லை.

பழைய ரூட்டரால் வரும் சிக்கல்

பழைய ரூட்டரோ தானும் முகவரி தரும். ஒரு லாட்ஜில் இரண்டு வரவேற்பறைகள் தனித்தனிப் பதிவேடு வைத்திருந்தால் என்ன ஆகும்? ஒரே அறையை இருவருக்குக் கொடுத்துவிடலாம். அல்லது தவறான வாசலைக் காட்டலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மாடி அறைக்காகப் பழைய ரூட்டரை மாட்டினார்கள். மாலையில் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் இல்லை, மொபைலில் இருந்தது. மறுநாள் காலை இது தலைகீழானது. மகனின் ஆன்லைன் வகுப்பு இருமுறை பாதியில் நின்றது. கம்ப்யூட்டர்தான் பழுது என எண்ணி, புதிய நெட்வொர்க் கார்டு வாங்கவும் தயாராகிவிட்டார்கள். உண்மையில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை. எந்த ரூட்டர் முதலில் பதில் தந்ததோ, அதன் முகவரியைச் சாதனங்கள் எடுத்துக் கொண்டன. பழைய ரூட்டர் தன்னையே வாசலாகக் காட்டியது. அதற்கோ இன்டர்நெட் இணைப்பே இல்லை!

இதனைச் சரி செய்திடும் வழி:

1. பழைய ரூட்டரை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஒரு கம்ப்யூட்டருடன் மட்டும் கேபிள் மூலம் இணைக்கவும்.

2. அதன் அடியில் ஒட்டப்பட்டுள்ள லேபிளில் காணும் முகவரியை பிரவுசரில் டைப் செய்து, பாஸ்வேர்ட் தந்து நுழையவும்.

3. லேன் பிரிவில் அதன் சொந்த முகவரியை மாற்றவும். முதன்மை ரூட்டர் 192.168.1.1 எனில், இதற்கு 192.168.1.2 எனத் தரலாம். முதன்மை ரூட்டர் வழங்கும் எண்களின் வரிசைக்குள் இது வரக் கூடாது. அந்த வரிசையை 100 முதல் 199 வரை என அமைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

4. புதிய முகவரியில் மீண்டும் நுழைந்து, டி.எச்.சி.பி. சர்வர் என்பதை டிஸேபிள் செய்து சேவ் செய்திடவும்.

5. இரு ரூட்டர்களையும் லேன் போர்ட்டிலிருந்து லேன் போர்ட்டிற்கு இணைக்கவும். வான் என்று குறிப்பிட்ட போர்ட்டை விட்டுவிடவும்.

6. எல்லா சாதனங்களையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்திடவும்.

இப்போது பழைய ரூட்டர் ஸ்விட்ச் போலவே செயல்படும்.

நீங்களே சோதிக்கலாம்

விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பிரிவில் உங்கள் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தைத் திறக்கவும். ஐ.பி. அசைன்மென்ட் என்பதற்கு எதிரே ஆட்டோமேட்டிக் என இருக்க வேண்டும். வேறாக இருந்தால் எடிட் கிளிக் செய்து மாற்றவும்.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் சி, எம், டி எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் கறுப்பு விண்டோவில் ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்வுக் கோடும் அதை ஒட்டி ஏ, எல், எல் எழுத்துகளும் அமைத்து என்டர் தட்டவும். டி.எச்.சி.பி. சர்வர், டீபால்ட் கேட்வே ஆகிய வரிகளைப் பாருங்கள். இரண்டிலும் முதன்மை ரூட்டரின் முகவரி இருந்தால் எல்லாம் சரி. வேறு முகவரி இருந்தால், வீட்டில் இன்னொரு கருவி முகவரி தந்து கொண்டிருக்கிறது.

உங்கள் ஐ.பி. முகவரி 169.254 எனத் தொடங்கினால், கம்ப்யூட்டர் கேட்டும் யாரும் பதில் தரவில்லை என்று பொருள். விண்டோஸ் 98 காலம் தொட்டே, அத்தகைய நேரத்தில் விண்டோஸ் தானே ஓர் எண்ணைச் சூட்டிக் கொள்கிறது. அதைக் கொண்டு இன்டர்நெட் செல்ல முடியாது. கேபிள் சரியாகச் செருகப்பட்டுள்ளதா, ஸ்விட்ச்சில் விளக்கு எரிகிறதா, ரூட்டர் இயங்குகிறதா என வரிசையாகப் பாருங்கள்.

பிரிண்டருக்கு மட்டும் எண் மாறாமல் இருப்பது நல்லது. ரூட்டரில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற பிரிவில் அதனைப் பதிந்து வைக்கலாம்.

வீட்டில் எத்தனை ஸ்விட்ச் வேண்டுமானாலும் இருக்கட்டும். முகவரி தரும் கருவி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அடுத்த முறை இன்டர்நெட் வந்து வந்து போனால், ரிப்பேருக்குப் பணம் கொடுக்கும் முன் அந்த இரண்டு வரிகளைப் பார்த்துவிடுங்கள்.