உஷார்! திராட்சைக் கொடிக்கும் கடலுக்கும் நடுவே 88 நாள்

ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி, மறுபக்கம் நீலக்கடல், நடுவே ஒரு பழைய வேன். கூரையில் சர்ஃப் போர்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சிரிக்கும் நம் ஊர்ப் பையன். "வேலையும் பார்க்கலாம், ஊரையும் சுற்றலாம், டாலரும் சேர்க்கலாம்!" என்று கீழே ஒரு வரி. இடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர். பெர்த்திலிருந்து தெற்கே சுமார் 270 கி.மீ.

இடம் அழகுதான், அதில் பொய்யில்லை. அங்குள்ள தட்பவெப்பம் ஒயின் திராட்சைக்குப் பொருந்தும் என்று ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி 1965இல் எழுதினார். 1967இல் டாம் கல்லிட்டி என்ற இதய மருத்துவர் வாஸ் ஃபீலிக்ஸ் தோட்டத்தில் கொடி நட்டார். இன்று உலகமே தேடி வாங்கும் கேபர்னே சாவினோன் ஒயின் அங்கே உருவாகிறது. ஆனால் அந்த ரீல்ஸ் காட்டாத சங்கதிகள் நிறைய. கிளம்பத் துடிக்கும் பிள்ளைகளும், நகையை அடகு வைத்து அனுப்பத் தயாராகும் பெற்றோரும் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

முதல் பொறி சென்னையிலேயே, கோவையிலேயே, திருச்சியிலேயே இருக்கிறது. 2024 செப்டம்பரிலிருந்து இந்தியர்களுக்கும் ஆஸ்திரேலியாவின் 'வொர்க் அண்ட் ஹாலிடே' விசா, அதாவது 462, திறந்திருக்கிறது. வயது 18 முதல் 30 வரை. ஆண்டுக்கு 1,000 பேர்தான். முதல் முறை பதிவு தொடங்கிய இரண்டே வாரத்தில் 40,000 பேர் முண்டியடித்தார்கள். யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். பாஸ்போர்ட்டும் பான் கார்டும் வேண்டும். ஒருவருக்கு ஒரு பதிவு. பெயர் விழுந்தால் 28 நாளுக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும். அப்போதுதான் படிப்புச் சான்று, ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், கையிருப்புக்கான வங்கிக் கணக்கு எல்லாம் கேட்பார்கள்.

அது கம்ப்யூட்டர் குலுக்கல். அதில் உங்கள் பெயரை மேலே தூக்கிவிட எந்த ஏஜென்ட்டாலும் முடியாது. "நம்மகிட்ட கோட்டா இருக்கு சார், இரண்டு லட்சம் கட்டுங்க, தோட்ட வேலையோட விசா கையில" என்று ஒருவர் ஏசி அறையில் உட்கார்ந்து சொன்னால், பேசியது போதும் என்று எழுந்து வந்துவிடுங்கள். 462க்கு வேலை நியமனக் கடிதமே தேவையில்லை. தேவையில்லாத கடிதத்தைத்தான் அவர் இரண்டு லட்சத்துக்கு விற்கிறார்.

சரி, குலுக்கலில் விழுந்தது, போய் இறங்கியும் விட்டீர்கள். இனிதான் பெரிய பொறி. அதன் பெயர் 88 நாள்.

இந்த விசா ஓராண்டுக்கு. இரண்டாம் ஆண்டும் வேண்டுமென்றால், அரசு குறிப்பிட்ட கிராமப்புறப் பகுதிகளில், குறிப்பிட்ட வேலைகளில் 3 மாதம், கணக்குப்படி 88 நாள், உழைத்திருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டுக்கு இன்னும் 6 மாதம். மார்கரெட் ரிவர் அந்தப் பகுதிக்குள் வருகிறது. கவாத்து, கொடி கட்டுதல், பழம் பறித்தல் எல்லாம் கணக்கில் சேரும். செல்லர் டோர் என்கிறார்களே, வருகிறவர்களுக்கு ஒயினை ஊற்றிச் சுவைக்கக் கொடுக்கும் கவுன்ட்டர், அங்கே நின்ற நாட்கள் சேராது. "சாப்பாடும் படுக்கையும் தருகிறோம், சம்பளம் கிடையாது" என்ற தன்னார்வ ஏற்பாடும் சேராது. இது தெரியாமல் மூன்று மாதம் கோட் மாட்டிக்கொண்டு கிளாஸ் துடைத்துவிட்டு, கடைசியில் பூஜ்யத்தோடு நிற்கக் கூடாது.

நாள் குறையக் குறையப் பதற்றம் ஏறும். அந்தப் பதற்றத்தின் வாசனையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்தான் காண்ட்ராக்டர். தோட்டக்காரர் நேரடியாக ஆள் எடுப்பது ஒரு வகை. நடுவில் ஆள் சப்ளை செய்பவர் இன்னொரு வகை. குயின்ஸ்லாந்து, விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா மாநிலங்களில் ஆள் சப்ளை செய்ய லைசென்ஸ் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. ஒரு வேனும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பும் இருந்தால் போதும், அவர் காண்ட்ராக்டர்.

அவர் நம் பாஷை பேசுபவராகவும் இருக்கலாம். அப்போது இரட்டை உஷார் தேவை. "தம்பி, நம்ம ஊரா? கவலைய விடு. மணிக்கு 18 டாலர், கேஷ். ரூமுக்கு வாரம் 200 பிடிச்சுக்குவேன். வேனுக்குத் தனி. ஏபிஎன் ஒண்ணு எடுத்துக்க, ஆன்லைன்ல அஞ்சு நிமிஷம். கடைசியில ஃபாரத்துல கையெழுத்து நான் போட்டுத் தர்றேன்." இப்படி ஒரு மெசேஜ் வந்தால் அதில் எத்தனை வலை இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.

18 டாலர் என்பதே திருட்டு. 2025 ஜூலை 1 முதல் அங்கே நாடு தழுவிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர்; நிரந்தரமில்லாத கேஷுவல் வேலைக்கு அதன் மேல் 25 சதவீதம், ஆக 31 டாலருக்குச் சற்று மேல். ஒயின் தொழிலுக்கென்றே தனியாக 'வைன் இண்டஸ்ட்ரி அவார்ட்' என்ற ஊதிய விதி இருக்கிறது. சேரும் முன் அதைப் படித்துவிடுங்கள். கொடிக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று பேசினால் எழுத்தில் வாங்குங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து கவாத்துக் கத்திரியோடு வளர்ந்தவருக்கு அந்த ரேட் கட்டுப்படியாகலாம். முதல் வாரம் கத்திரியைப் பிடிக்கிற ஐடி பையனுக்கு அரை நாளில் கை வீங்கும். அவன் எண்ணிக்கை வேனுக்கும் ரூமுக்கும்கூடக் காணாது.

ஏபிஎன் விஷயம் இன்னும் மோசம். அது தொழில் செய்பவருக்கான பதிவெண். அதை எடுத்துவிட்டால் காகிதத்தில் நீங்கள் கூலியாள் இல்லை, தனி முதலாளி! சூப்பர் என்கிற ஓய்வூதியப் பங்களிப்பைக் கட்ட மறுப்பார்கள், கத்திரி விரலை நறுக்கினால் காப்பீடு இல்லை என்பார்கள். ஒருவர் நேரம் குறித்து, கத்திரி கொடுத்து, வரிசை காட்டி வேலை வாங்குகிறார் என்றால் நீங்கள் தொழிலாளிதான். அவர் உங்களிடம் கேட்க வேண்டியது டிஎஃப்என் என்கிற வரி எண் மட்டும். முதலாளி விடுமுறை விசாக்காரர்களை வேலைக்கு வைப்பவராக வரித்துறையில் பதிந்திருந்தால் முதல் 45,000 டாலர் வரை 15 சதவீதம் பிடிப்பார். பதியாதவர் முதல் டாலரிலிருந்தே 30 பிடிக்க வேண்டும். சூப்பரை நாடு திரும்பிய பிறகு கேட்டு வாங்கலாம், ஆனால் இந்த விசாவுக்கு அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். அந்தப் பணத்தை நம்பி ஊரில் வண்டி புக் பண்ணாதீர்கள்.

இப்போது அந்தக் கையெழுத்து, அதாவது நீங்கள் வேலை செய்ததை உறுதிசெய்து முதலாளி ஃபாரம் 1464இல் போடுவது. காண்ட்ராக்டரின் மொத்த பலமும் அதில்தான். "எதிர்த்துப் பேசினா ஃபாரம் 1464ல கையெழுத்துக் கிடையாது, உன் 88 நாளும் போச்சு." பையன்கள் இதற்குத்தான் நடுங்குகிறார்கள். ஒழுகும் கூரைக்கும், எட்டுப் பேர் படுக்கும் அறைக்கும், வராத சம்பளத்துக்கும் வாய் திறக்காமல் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு இந்த மிரட்டல் எந்த வடிவத்தில் வரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. மிரள வேண்டாம். பே ஸ்லிப், சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கு, வரி ஆவணம் ஆகியவையும் அந்த 88 நாளை நிரூபிக்கும் சாட்சிகளே. அதனால்தான் கேஷ் வாங்காதீர்கள் என்று கத்துகிறேன். கேஷில் கூலி மட்டுமா போகிறது, சாட்சியும் போகிறது. தினமும் எந்தத் தோட்டம், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தோம் என்று போனில் குறித்து, நுழைவாயில் பலகையோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். பாஸ்போர்ட்டை "பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்" என்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

புகார் எங்கே? பலரும் மத்திய அரசின் தொழிலாளர் குறைதீர்ப்பாளரான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மேன், 13 13 94 என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சிக்கல். முதலாளி 'பிடிஒய் எல்டிடி' (Pty Ltd), அதாவது பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால்தான் அது ஃபேர் வொர்க் எல்லை. தனி ஆளாகவோ கூட்டாளிகளாகவோ நடத்தும் குடும்பத் தோட்டமென்றால் மாநிலச் சட்டம். போக வேண்டியது மாநில அரசின் 'வேஜ்லைன்' சேவைக்கு. எனவே சேரும் அன்றே முதலாளியின் முழுப் பெயரை எழுதி வாங்குங்கள். ஆங்கிலத்தில் தடுமாறினால் 131 450க்குப் போன் போட்டு "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளர் இணைப்பில் வருவார்.

வேலை கிடைக்கும் காலமும் தெரிந்திருக்க வேண்டும். அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, கவாத்து ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, குளிரிலும் மழையிலும். நடுவே ஈ ஓட்ட வேண்டியதுதான். அறுவடைக்கு முன் கொடிகளுக்கு வலை போர்த்தும் வேலை உண்டு. சில்வர் ஐ என்ற சிட்டுக்குருவி அளவுப் பறவை பழத்தைக் கொத்திவிடும். காட்டில் மர்ரி மரம் நன்றாகப் பூத்த வருஷம் குருவிகள் தேனுக்குப் போய்விடும். பூக்காத வருஷம் கூட்டம் கூட்டமாகத் தோட்டத்தில் இறங்கும். மர்ரி பூத்ததா என்று ஒயின்காரர்கள் அண்ணாந்து பார்ப்பது சும்மா இல்லை.

தரையில் கிடக்கும் வலையைத் தூக்கும்போது கையை எங்கே வைக்கிறோம் என்று பாருங்கள். டியுகைட், டைகர் ஸ்னேக் இரண்டும் அந்தப் பக்கத்துப் பாம்புகள், இரண்டும் கொடிய விஷம். கடித்தால் நம் ஊர் வழக்கப்படி கயிறு இறுக்குவதோ, கீறுவதோ, கழுவுவதோ கூடாது. கடிவாயில் ஒட்டிய விஷம், எந்த வகைப் பாம்பு என்று மருத்துவமனையில் கண்டுபிடிக்க உதவலாம். கடிபட்ட கை அல்லது கால் முழுக்க அகலமான கிரேப் பேண்டேஜை அழுத்திச் சுற்றி, அசையாமல் படுத்து, 000 அழைக்க வேண்டும். நடந்து காருக்குப் போகவே கூடாது.

இதைவிட எனக்குப் பயம் ஒயினரிக்குள் இருக்கும் டாங்க். சாறு நொதிக்கும்போது கார்பன் டை ஆக்சைடு பொங்கி வரும். காற்றைவிடக் கனமானதால் டாங்க்கின் அடியிலும், பள்ளத்திலும் தேங்கி நிற்கும். சக்கையை வாரி வெளியேற்ற ஆள் உள்ளே இறங்குவார். ஓரிரு மூச்சில் சரிவார். அவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பார். செப்டிக் டாங்க் சாவுகளைத் தினசரியில் படித்துப் படித்து மரத்துப்போன நமக்கு இந்தக் கதை புரியும். வாயு அளக்கும் மீட்டர், எழுத்துபூர்வ அனுமதி, வெளியே காவலுக்கு ஓர் ஆள் ஆகிய மூன்றும் இல்லாமல் "சும்மா அஞ்சு நிமிஷம் இறங்கு" என்றால் மாட்டேன் என்று சொல்லுங்கள். வேலை போனாலும் போகட்டும்.

லீவு நாளில் சாலைக்கு வருவோம். கேவ்ஸ் ரோடு, ஓரமெல்லாம் கர்ரி மரம், திரும்பிய பக்கமெல்லாம் ஒயினரி. ஒவ்வொன்றிலும் 20 மில்லி வீதம் ஐந்து வகை, ஐந்து ஒயினரி என்றால் அரை லிட்டர் ஒயின் உள்ளே போயிருக்கும். அங்கத்திய கணக்கில் அது ஐந்து ஸ்டாண்டர்ட் டிரிங்கைத் தாண்டும். ரத்தத்தில் 0.05 எல்லை, லைசென்ஸ் புதிதென்றால் பூஜ்யம். சுவைத்துத் துப்பத்தான் கவுன்ட்டரில் பாத்திரம் வைத்திருக்கிறார்கள், கூச்சப்படாமல் துப்புங்கள், இல்லையென்றால் குடிக்காதவர் ஓட்டட்டும். பொழுது சாய்ந்தால் கங்காரு குறுக்கே பாயும். ஸ்டியரிங்கை ஒடிக்காமல் நேராக பிரேக் அழுத்துங்கள். ஒடித்தால் கர்ரி மரம். வாடகைக் கார் ஒப்பந்தங்கள் சிலவற்றில் ஊருக்கு வெளியே இரவில் மிருகம் மோதினாலோ, மண் சாலையில் போனாலோ இன்சூரன்ஸ் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கும். பழைய வேனைச் சொந்தமாக வாங்கினால் பிபிஎஸ்ஆர் என்ற இணையப் பதிவேட்டில் 2 டாலர் கட்டி, அதன் மேல் கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். ரெஜோ என்கிற வாகனப் பதிவுக் கட்டணத்தோடு வரும் காப்பீடு மனிதருக்கு நேரும் காயத்துக்கு மட்டும். அடுத்தவர் பென்ஸில் இடித்தால் உங்கள் பணம்.

கடல் பற்றி நம்மவர்களுக்குச் சொன்னால் ஏறுவதில்லை. மெரினாவில் அலை பார்த்த தைரியம். இது தென்முனைப் பெருங்கடல் அனுப்பும் அலை. பத்து நிமிஷம் பாறை காய்ந்து கிடக்கும், பதினோராவது நிமிஷம் ஒரே அலை பாறையைத் துடைத்துக்கொண்டு போகும். இன்ஜிடப் பாறைக் குளத்தில் செல்ஃபி எடுப்பவர்கள் இதை மனதில் வையுங்கள். உயிர்காப்பாளர்கள் நட்ட சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவே மட்டும் இறங்குங்கள். 2024 ஜனவரியில் விக்டோரியாவின் ஃபிலிப் தீவில், உயிர்காப்பாளர் இல்லாத கடற்கரையில், பஞ்சாபைப் பூர்விகமாகக் கொண்ட 4 பேர் மூழ்கினார்கள். சுண்ணாம்புப் பாறைக் குடைவின் நிழலிலும் உட்காராதீர்கள். 1996 செப்டம்பர் 27 அன்று கிரேஸ்டவுனில் பள்ளி சர்ஃபிங் போட்டி பார்க்க வந்தவர்கள் மழைக்கு அப்படி ஒதுங்கினார்கள். பாறை இடிந்து 9 பேர் இறந்தார்கள்.

கோடையில் வேனை ஓரங்கட்டி அடுப்பு மூட்டும் ஆசையும் வேண்டாம். 2011 நவம்பரில் அரசுத் துறையே திட்டமிட்டு வைத்த தீ கைமீறிப் போய், 30க்கும் மேற்பட்ட வீடுகள் மார்கரெட் ரிவரில் சாம்பலாயின. தீத் தடை நாளில் நெருப்பு மூட்டுவது குற்றம். 'எமர்ஜென்சி டபிள்யூஏ' தளத்தைக் காலையில் ஒரு முறை பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஒன்று நேர்ந்துவிட்டால்? பிரிட்டன்காரருக்கும் இத்தாலிக்காரருக்கும் அங்கே மருத்துவ ஒப்பந்தம் உண்டு, இந்தியாவுக்கு இல்லை. ஆம்புலன்ஸ் ஏறி இறங்கினாலே பில் 1,000 டாலரைத் தொடும். எனவே இங்கிருந்து எடுக்கும் பாலிசியில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா, தோட்டத்தில் உடலுழைப்பு வேலை செய்யும்போது நேரும் காயம் சேர்ந்திருக்கிறதா, ஓராண்டு முழுவதும் செல்லுமா. டூரிஸ்ட் பாலிசிகள் பல இரண்டாவது கேள்வியிலேயே கையை விரிக்கும். பதிலை வாய்மொழியாக வாங்காமல் ஈமெயிலில் வாங்கிய பிறகு டிக்கெட் போடுங்கள்.