ஒயர் மாட்டினால் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மோடத்தையும் ஒயரையும் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பாதிதான் முடிந்திருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர்கள் பேச, இருவருக்கும் பொதுவான விதிமுறை வேண்டும். அதுதான் புரோட்டோகால்.

புதுச்சேரி வில்லியனூரைப் பாருங்கள். 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே தகவல் மையம் அமைத்தது. டெலிபோன் மூலமும் விஎச்எஃப் ரேடியோ மூலமும் சுற்றுக் கிராமங்களை அதனுடன் இணைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரத்தைப் பார்த்து வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஒலிபெருக்கியில் கேட்டபிறகு மீனவர்கள் கடலுக்குப் போவதா என்று முடிவு செய்வார்கள். இணையத்துக்குப் போகும் கம்ப்யூட்டரில் டிசிபி/ஐபி புரோட்டோகால் இல்லாவிட்டால், லைன் கிடைத்தும் ஓர் எழுத்துகூட வந்திருக்காது.

விண்டோஸ் 98-ல் இதை நாமே போட வேண்டிவரும்: கண்ட்ரோல் பேனல், நெட்வொர்க், ஆட், புரோட்டோகால், மைக்ரோசாப்ட், டிசிபி/ஐபி. விண்டோஸ் சிடி கேட்கும், கையில் வைத்திருங்கள். எக்ஸ்பி முதல் இது விண்டோசுடனேயே வருகிறது.

ஆபீசில் உள்ள ஐபிஎம் மெயின்பிரேமுடன் பேச இதுமட்டும் போதாது. ஆங்கில எழுத்து ‘ஏ’ நம் பிசிக்கு 65. மெயின்பிரேமின் எப்சிடிக் முறையில் அதுவே 193. டிஎன்3270 எமுலேட்டர் சாப்ட்வேர்தான் நடுவில் மொழிபெயர்ப்பாளர். அதை இன்ஸ்டால் செய்து, மெயின்பிரேமின் முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுங்கள். எண் வழக்கமாக 23. அதில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலே போகும் என்பதால், பாதுகாப்பான போர்ட் உண்டா என்று அட்மினிடம் கேட்டுவிடுங்கள்.

கறுப்புத் திரை வந்ததும் பயப்பட வேண்டாம். என்டர் அழுத்தும்வரை நீங்கள் டைப் செய்தது மெயின்பிரேமுக்குப் போகாது. தவறை அதற்குள் திருத்திக்கொள்ளலாம்.