கிள்ளான் கடலில் மாண்ட நீர்மூழ்கி

பிரிக்பீல்ட்ஸில் ரயிலேறிக் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து படகில் கேத்தாம் தீவுக்கு நண்டு தின்னப் போகும் நம்மவர்களில் எத்தனை பேர், அத்தீவுக்கும் அப்பால் தென்மேற்கே, நடுக்கடலில் தூண்களின்மேல் நிற்கும் கலங்கரை விளக்கத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்களோ, நான் அறியேன். அந்த மணல்திட்டுக்கு ஆங்கிலேயர் 'ஒன் பேதம் பேங்க்' என்று பெயரிட்டனர். மலாய்க்காரர் 'பெர்மாத்தாங் செடெப்பா' என்பர். இரு கைகளையும் விரித்தால் வரும் நீளமே இரண்டு பெயரிலும் உள்ள அளவு. நம் மீனவர் அதைத்தான் 'பாகம்' என்கிறார்கள். ஆழத்தையே அடைக்கலமாகக் கொண்ட ஒரு யந்திரம், ஒரு பாக ஆழத்தால் பேர்பெற்ற இத்திட்டின் சமீபத்தில், 1944 ஜூலை 17 அன்று அழிந்தது.

ஐ-166 என்பது அதன் பெயர். 1932இல் ஜப்பானியக் கடற்படையில் சேர்ந்தது. நீளம் ஏறக்குறைய 98 மீட்டர். நீர்மூழ்கி என்றால் சதா நீருக்கடியிலேயே வாசம் செய்வது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அக்காலத்து நீர்மூழ்கி அப்படிப்பட்டதன்று; முத்துக்குளிப்பவனைப் போல, மூச்சடக்கிச் சிறிது நேரம் முழுகவல்ல சாதாரணக் கப்பலே அது. தொட்டிகளின் வழியைத் திறந்துவிட்டால் கடல்நீர் புகுந்து கனம் ஏறிக் கப்பல் அமிழும். அழுத்தி வைத்த காற்றைச் செலுத்தி அந்நீரை வெளியேற்றினால் மேலே எழும். இதில் சூட்சுமம் ஒன்றுமில்லை. சங்கடமெல்லாம் எஞ்சினில்தான். டீசல் எஞ்சின் எரியக் காற்று வேண்டும். ஆகையால் நீர்மட்டத்தில் மணிக்கு ஏறக்குறைய 20 கடல் மைல் விரைந்த ஐ-166, மூழ்கியதும் பேட்டரிகளில் சேமித்த மின்சாரத்தையே நம்பி, மூன்று மைல் வேகத்தில் ஊர்ந்தால்தான் 60 மைல் போகமுடியும். அதற்குமேல் எழுந்து வந்து டீசலை ஓட்டிப் பேட்டரிக்குத் தீனி போட்டே தீரவேண்டும். ஆகவே ஒளிந்து கொல்லப் பிறந்த இக்கப்பல், தன் ஆயுளில் பெரும்பகுதியைப் பிறர் கண்ணில் படும்படியே கழித்தது.

1941 டிசம்பர் 25 அன்று சரவாக் கரைக்கு அப்பால், முந்தின நாள்தான் ஜப்பானிய நாசகாரிக் கப்பலொன்றை வீழ்த்தியிருந்த கே-16 என்னும் டச்சு நீர்மூழ்கியை இது டார்பீடோவால் தகர்த்தது. அதிலிருந்த 36 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பின்னர் பினாங்கைத் தளமாகக் கொண்டு இந்துமகா சமுத்திரத்தில் திரிந்தது. நம் பெரியவர்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர்பிடித்திருந்த காலம் அது. கடைசிக் காலையில், மலாக்கா நீரிணையின் குறுகலான அவ்வழியே நீர்மட்டத்தின்மேல் வந்த ஐ-166க்காக, வில்லியம் கிங் என்பவரின் தலைமையில் 'டெலிமாக்கஸ்' என்னும் பிரிட்டிஷ் நீர்மூழ்கி அடியில் காத்திருந்தது. டார்பீடோ பாய்ந்தது; 88 பேர் மாண்டனர், பத்துப் பேர் தப்பினர். இதைக் கர்மபலன் என்று சொல்ல எனக்கு மனமில்லை. மேலே வந்தவன் வீழ்வதும் கீழே கிடந்தவன் வெல்வதும் இந்த யந்திரங்களின் அமைப்பிலேயே இருக்கிறது.

கிங் 102 வயது வரை வாழ்ந்தார். 2004இல் அயர்லாந்தில் அவர் வசித்த ஒரன்மோர் கோட்டைக்கு, ஐ-166இன் தலைமைப் பொறியாளருடைய மகனும், கே-16இல் இறந்த மாலுமி ஒருவருடைய மகளும் வந்து, மூவருமாக ஒரு மரக்கன்று நட்டார்கள்.