பூச்சாடியில் வடிவம் பதித்தல்: வன்னிக்கு ஏற்ற முறைகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலத்தில் வீட்டு முற்றங்களிலும் பாடசாலை வாயில்களிலும் வைக்கப்படும் பூச்சாடிகள், பிளாஸ்டிக்கில் வருபவை நீங்கலாக, சூளையில் சுட்ட களிமண்ணாலோ மணலும் சீமெந்தும் கலந்த சாந்தினாலோ ஆனவை. பாடசாலை இலச்சினை, வீட்டின் பெயர், தாமரை, மயில் என எதனை வரைவது என்பதை முதலில் முடிவுசெய்து, வரையும் முறையைப் பின்னர் தேடுவதே பலரது வழக்கம். ஆனால் சாடியின் சுவர் எப்பொருளால் ஆனது, அதனூடாக நீர் எவ்வாறு நகர்கிறது, அது எவ்வளவு வெயிலைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பவற்றை அறிந்த பின்னரே முறையைத் தெரிவுசெய்வது தக்கது.

சுட்ட களிமண் நுண்துளைகள் நிறைந்தது. வேரைச் சூழ்ந்த ஈரம் அத்துளைகளின் வழியே வெளிச்சுவரை அடைந்து ஆவியாவதால் வேர் குளிர்ச்சியடைகிறது. செடிக்கு மண்சாடி உகந்ததாக இருப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம். வன்னியின் கிணற்றுநீர் பல இடங்களில் வன்னீர், அதாவது கல்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் மிகுதியாகக் கரைந்த நீர். நீர் ஆவியாக, உப்பு மட்டும் சுவரில் வெண்படிவாக எஞ்சுகிறது. இதனை உப்புப் பூத்தல் என்பர். வெளிச்சுவரில் தீந்தை, அதாவது பெயின்ற், பூசப்பட்டிருந்தால் ஈரம் அப்படலத்தின் பின்னால் தேங்குவதாலும், உப்புப் பளிங்குகள் அங்கேயே வளர்ந்து படலத்தை வெளியே தள்ளுவதாலும், பூச்சு கொப்பளித்து உரிகிறது. மிகுந்த சிரத்தையோடு தீட்டிய ஓவியம் ஒரு மாரிக்குள் உதிர்வதற்குத் தீட்டியவரின் கையையோ தீந்தையின் தரத்தையோ மட்டும் குறைகூறுவது நியாயமாகாது.

ஆகவே மண்சாடியில் வடிவம் சுவரின் மேல் ஒட்டியிராமல் சுவரின் பகுதியாகவே அமைய வேண்டும். இம்முறை வன்னிக்குப் புதியதன்று. கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரியில் ப. புஷ்பரட்ணம் மேற்கொண்டு 1993இல் நூலாக வெளியிட்ட தொல்பொருளாய்வு, கறுப்புச் சிவப்பு மட்பாண்ட ஓடுகளையும் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளையும் வெளிப்படுத்தியது. கறுப்புச் சிவப்பு மட்பாண்டம் எனப்படுவது உட்புறமும் விளிம்பும் கரிய நிறத்திலும் வெளிப்புறம் செந்நிறத்திலும் அமைந்த பண்டைய கலவகை. காற்றுப்படாத பக்கம் கரியேறிக் கறுக்க, காற்றுப்பட்ட பக்கத்தில் மண்ணிலுள்ள இரும்பு ஒட்சியேற்றமடைந்து சிவந்ததால் தோன்றியது அவ்விருநிறம். தீந்தையின் துணையின்றிச் சூளைத் தீயினாலேயே உண்டான அந்நிறம் ஈராயிரம் ஆண்டுகள் மண்ணுள் கிடந்தும் அழியவில்லை என்பது, நிலைத்த அலங்காரத்தை நாடும் எவரும் மனங்கொள்ளத் தக்க சான்று.

பொறித்தல் முறையில் காலமே முக்கியம். வனைந்த சாடி, கையால் அழுத்தினால் உருக்குலையாமலும் நகத்தால் கீறினால் தடம் விழும்படியும் இருக்கும் ஈரநிலையைத் தோற்பதம் எனலாம். அப்பதத்தில் மூங்கில் முனையால் கீறிய கோடு கூர்மையாகவும், விளிம்பு சிதறாமலும் அமைகிறது. சுட்ட பின்னர் கீறினால் விளிம்பு பொடிந்து உதிர்வதால், எழுத்து சுடுமுன் பொறிக்கப்பட்டதா பின் பொறிக்கப்பட்டதா என்பதைத் தொல்லியலாளர் ஓட்டைப் பார்த்தே பெரும்பாலும் கூறிவிடுகின்றனர். சோளகக் காற்று வீசும் மாதங்களில் தோற்பதம் விரைவில் கடந்துவிடுமாதலால், சாடியை ஈரச்சாக்கினால் மூடிவைத்துப் பகுதி பகுதியாகத் திறந்து பொறிக்க வேண்டும்.

நிறம் வேண்டுமாயின் மண்குழம்பு பூசலாம். வன்னியில் பரவலாகவுள்ள செம்மண்ணை நீரில் கரைத்து, மணல் அடியில் படிந்ததும் மேலுள்ள நுண்துகள் நீரை மட்டும் வடித்துத் தடிக்கவிட்டால் குழம்பு கிடைக்கும். தோற்பதத்தில் இதனைப் பூசி, மழமழப்பான கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, உரிய கோடுகளில் மட்டும் சுரண்டி நீக்கினால், சுட்டபின் அடிமண்ணின் நிறமும் குழம்பின் நிறமும் வேறுபட்டு வடிவம் தெளிவாகத் தோன்றும். குழம்பும் சாடியும் உலரும்போது ஏறத்தாழ ஒரே அளவில் சுருங்குவது இன்றியமையாதது; இல்லையேல் பூச்சு வெடித்து உதிரும். எனவே சாடி வனைந்த குளக்களிமண்ணையே சிறிது குழம்பில் சேர்ப்பதும், ஓரிரு சிறு ஓடுகளைச் சுட்டுப் பார்ப்பதும் நல்லது.

சீமெந்துச் சாடியின் இயல்பு வேறு. சீமெந்து இறுகும்போது கல்சியமைதரொட்சைட்டு என்னும் வலிய காரம் உண்டாகிறது. எண்ணெய்த் தீந்தையிலுள்ள எண்ணெய் அக்காரத்தோடு தாக்கமுற்று ஒருவகைச் சவர்க்காரமாக மாறிப் பிசுபிசுத்து உரிகிறது. தீந்தையே வேண்டுமெனில், 28 நாள்களேனும் சாடியை முதிரவிட்டு, காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சின் மேல் நீர்சார்ந்த அக்கிரிலிக் வகையைப் பூச வேண்டும். அதனினும் சிறந்தது சாந்திலேயே நிறம் சேர்ப்பது: இரும்பொட்சைட்டுத் தூளைச் சீமெந்தின் நிறையில் 5 சதவீதமளவு கலந்தால் வெயிலில் வெளிறாத செந்நிறமோ மஞ்சளோ கருமையோ கிடைக்கும், 10 சதவீதத்தை மீறினால் சாந்து வலுவிழக்கும். ஒரே இலச்சினையைப் பல சாடிகளில் இட விரும்பும் பாடசாலைக்கு, றப்பர்த் தகட்டில் வெட்டிய வடிவை அச்சுப்பெட்டியின் உட்சுவரில் ஒட்டி வார்ப்பதே சிக்கனமானது. சாடியில் எழுத்து நேராகத் தெரிய, தகட்டில் அது கண்ணாடி விம்பமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும்.

உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் பீங்கான் துண்டுகளையும் சாந்தில் பதிப்பது மற்றொரு முறை. 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட, நேக் சந்த் உருவாக்கிய சண்டிகர் பாறைத் தோட்டம் இதன் ஆற்றலைக் காட்டும். வீடுகள் இடிந்து மீண்டும் எழுந்த வன்னியில், பழைய வீட்டுத் தளத்தின் துண்டொன்றைப் புதிய முற்றத்தில் வைத்துப் பேண இதனைவிடப் பொருத்தமான வழி அரிது.

எம்முறையைக் கையாண்டாலும், கீழே ஒடுங்கும் சாடியின் சுவர் கூம்பின் ஒரு துண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நீள்சதுரத் தாளில் வரைந்த வரி அதன்மேல் சுற்றும்போது சாய்ந்துவிடும். வாய் விட்டம் 30 சென்ரிமீற்றரும் அடி விட்டம் 20 சென்ரிமீற்றரும் சாய்வுயரம் 25 சென்ரிமீற்றருமான சாடிக்கு, ஒரே மையத்தில் 75, 50 சென்ரிமீற்றர் ஆரைகளில் இரு விற்களை வரைந்து, 72 பாகைக் கோணத்துள் அடங்கும் பகுதியை வெட்டியெடுத்தால், அத்தாள் சுவரில் இடைவெளியின்றிப் பொருந்தும். பழைய எக்ஸ்ரே படத்தகட்டை அவ்வளவில் வெட்டி வடிவைத் துளைத்தால் பல சாடிகளுக்குப் பயன்படும் அச்சுத்தகடாகும்.

மண்சாடியில் தீந்தைக்கும் ஓர் இடம் உண்டு. செடியைப் பிளாஸ்டிக் சாடியில் நட்டு, அதனை அடியில் துளையுள்ள மண்சாடியினுள் வைத்தால், நீர் சுவரைத் தொடாததால் வெளிப்பூச்சு நெடுங்காலம் நிற்கும். எனினும் வாடைமழை பெய்யும் ஐப்பசி முதல் மார்கழி வரை காற்றின் ஈரத்தால் சுவர் முற்றாக உலராதாகையால், தீந்தை பூசும் வேலையை ஆனி, ஆடி மாதங்களில் நிழலில் வைத்துச் செய்வதே ஏற்றது.