உங்களுக்குத் தெரியுமா? பின்னால் நடக்கும் செவ்வாய்

• நட்சத்திரங்களுக்கிடையே நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே நகரும் செவ்வாய், சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை தயங்கி நின்று, இரண்டரை மாதம் போல மேற்கே திரும்பி நடக்கும். பஞ்சாங்கத்தில் ‘வக்ரம்’ என்று போட்டிருப்பது இதைத்தான்.

• 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, பூமியை நடுவில் வைத்து இதற்கு விடை தேடினார். ஒவ்வொரு கோளும் ஒரு சிறு வட்டத்தில் சுற்ற, அந்த வட்டமே பூமியை ஒரு பெரிய வட்டத்தில் சுற்றுகிறது என்றார். ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் இந்தக் கணக்கு செல்லுபடியானது.

• 1543-இல் வெளிவந்த நூலில் கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தார். புதிர் எளிதாக அவிழ்ந்தது. பூமி நொடிக்குச் சுமார் 30 கி.மீ. ஓடுகிறது, வெளிவட்டத்தில் போகும் செவ்வாய்க்கு 24 கி.மீ.தான். நாம் அதை முந்தும்போது அது பின்வாங்குவதுபோலத் தெரிகிறது.

• பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். நம் பஸ் ஒரு லாரியை முந்தும்போது, தூரத்து மலையின் பின்னணியில் அந்த லாரி பின்னால் நழுவும். ஆனால் அதுவும் முன்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது!

• கோப்பர்நிக்கஸும் சிறு வட்டங்களைக் கைவிடவில்லை. டைக்கோ பிராகே எடுத்துவைத்த அளவுகளைக் கொண்டு, செவ்வாயின் பாதை வட்டமல்ல, நீள்வட்டம் என்று 1609-இல் கெப்ளர் எழுதிய பிறகே அவை மறைந்தன.

• 2024 டிசம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை செவ்வாய் இப்படிப் பின்னால் நடந்தது. அதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். மொட்டைமாடியும் பொறுமையும் போதும்.